டெக்சாஸில் ‘ப்ரையர் ஆத்’ மறுக்கப்பட்டால்: கார்டைப் பார்ப்பதிலிருந்து கடைசி முறையீடு வரை

முதுகுவலி காலுக்கு இறங்கிவிட்டது என்று போனேன். டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதினார். அதை எடுப்பதற்கு முன்பே இன்ஷூரன்ஸிடம் அனுமதி வாங்க வேண்டும்; ‘ப்ரையர் ஆத்’ என்பது அதுதான். நான்கு நாள் கழித்து இன்ஷூரன்ஸிலிருந்து கடிதம் வந்தது: மருத்துவ அவசியம் நிரூபிக்கப்படவில்லையாம். வந்த கோபத்தில் கார்டின் பின்புறம் இருந்த எண்ணை அழைத்து முக்கால் மணி நேரம் வாதாடினேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதே கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது, நான் ஆறு வாரம் பிசியோதெரபி போய் வந்த குறிப்பை கிளினிக் அனுப்பவே இல்லை. இரண்டு பக்கம், அவ்வளவுதான்.

அன்று நான் செய்த தவறு, முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத ஒருவரிடம் சண்டை போட்டது. அனுமதி விவகாரத்தில் ஃபைல் இப்போது எந்த மேஜையில் கிடக்கிறது, அந்த மேஜைக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்ற இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலர் இதே குழப்பத்தில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கும் போகும் வழி இதேதான், ஆனால் நாள் கணக்குகள் மாறும்.

முதல் படி: கார்டை எடுத்துப் பாருங்கள்

டெக்சாஸ் மாநிலச் சட்டம் உங்கள் பிளானுக்குப் பொருந்துமா என்பதை கார்டில் உள்ள மூன்றே எழுத்துகள் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் ‘டி.டி.ஐ.’ என்றோ ‘டி.ஓ.ஐ.’ என்றோ அச்சிட்டிருந்தால் அது டெக்சாஸ் காப்பீட்டுத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள பிளான். அந்த எழுத்துகள் இல்லையென்றால் பெரும்பாலும் அது உங்கள் கம்பெனியே பணம் போட்டு நடத்தும் செல்ஃப்-ஃபண்டட் பிளான்.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கார்டின் மேல் பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சின்னம் இருக்கும். ஆனால் அந்தக் கம்பெனி கணக்குப்பிள்ளை வேலை மட்டும் பார்க்கிறது. பணம் உங்கள் முதலாளியுடையது. அமெரிக்காவில் வேலை வழியாகக் காப்பீடு பெறுபவர்களில் 63 சதவீதம் பேர் இப்படிப்பட்ட பிளானில் இருப்பதாக கே.எஃப்.எஃப். என்ற சுகாதார ஆய்வு அமைப்பின் 2024 கணக்கெடுப்பு சொல்கிறது. பெரிய ஐ.டி. கம்பெனியில் வேலை என்றால் நீங்களும் அந்தப் பக்கம்தான் என்றே வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். சந்தேகம் தீர எச்.ஆரிடம் ஒரே வரியில் கேட்கலாம்: “நம் பிளான் செல்ஃப்-ஃபண்டடா, ஃபுல்லி இன்ஷூர்டா?” பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். ஃபுல்லி இன்ஷூர்டு, அதாவது செலவை இன்ஷூரன்ஸ் கம்பெனியே ஏற்கும் பிளான் என்று சொன்னால், பாலிசி எந்த மாநிலத்தில் எடுக்கப்பட்டது என்றும் கேளுங்கள். தலைமையகம் நியூ ஜெர்சியில் இருந்து பாலிசியும் அங்கே எடுத்ததாக இருந்தால் டெக்சாஸ் விதிகளை நம்பி உட்கார முடியாது.

ஏன் இந்தப் பிளவு? 1974-இல் வந்த எரிசா என்ற ஒன்றிய அரசுச் சட்டம், தொழிலாளர் நலத் திட்டங்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் உரிமையை மாநிலங்களுக்கே விட்டுவைத்தது. ஆனால் முதலாளி சொந்தப் பணத்தில் நடத்தும் திட்டத்தை ‘காப்பீடு’ என்று மாநிலங்கள் பெயரிட்டுப் பிடிக்கக் கூடாது என்றும் சேர்த்து எழுதிவிட்டது. மாநிலச் சட்டசபை எவ்வளவு நல்ல சட்டம் போட்டாலும் அந்த வேலியைத் தாண்டாது.

டெக்சாஸ் இதில் அடிபட்ட மாநிலம். 1997-இல் நாட்டிலேயே முதன்முறையாக, சிகிச்சை முடிவில் அலட்சியம் காட்டிய எச்.எம்.ஓ. வகைக் காப்பீட்டு நிறுவனத்தின் மீது நோயாளி வழக்குப் போடலாம் என்று இங்கே சட்டம் வந்தது. அப்போதைய கவர்னர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்துப் போடவில்லை, போடாமலே சட்டமாகிவிட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த இரண்டு வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. ஒருவருக்கு மூட்டுவலிக்கு டாக்டர் வயாக்ஸ் எழுதிக் கொடுக்க, பிளான் அதற்குப் பணம் தர மறுத்தது. வேறு மருந்து சாப்பிட்டார், கடுமையாகப் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். இன்னொரு பெண்மணி கருப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் இன்னும் சில நாள் தங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியும், பிளானின் நர்ஸ் விதிப்படி இல்லை என்று மறுத்ததால் வீடு திரும்பினார். சிக்கலாகி மறுபடி அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டியதாயிற்று. 2004 ஜூனில், ஏட்னா எதிர் டவீலா தீர்ப்பில், நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து, மாநிலச் சட்டத்தின் கீழ் இந்த வழக்குகள் செல்லாது, எரிசா வழியாகத்தான் போக வேண்டும் என்றார்கள். எரிசா வழி என்றால் மறுக்கப்பட்ட பலனைக் கேட்டு வாங்கலாம். பட்ட துன்பத்துக்கு நஷ்டஈடு கிடைக்காது. எனவே காரியம் கெட்டபிறகு கோர்ட்டுக்குப் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். சிகிச்சைக்கு முன்பே, அந்தந்தக் கெடுவுக்குள், மறுப்பை உடைப்பதுதான் கையில் உள்ள பெரிய ஆயுதம்.

இரண்டாம் படி: விண்ணப்பம் போகும்போதே கவனியுங்கள்

மாநிலக் கட்டுப்பாட்டில் உள்ள பிளான்கள் எந்தெந்தச் சிகிச்சைக்கு முன் அனுமதி வேண்டும் என்ற பட்டியலைத் தங்கள் இணையதளத்தில் போட்டே ஆக வேண்டும். 2019-இல் வந்த சட்டம் அது. அங்கே போய்ப் பாருங்கள், அல்லது கிளினிக்கில் ‘ரெஃபரல் கோஆர்டினேட்டர்’ என்று ஒருவர் இருப்பார், அவரைக் கேளுங்கள். கிளினிக்கில் நீங்கள் நட்பு பிடிக்க வேண்டிய ஆள் டாக்டரைவிட இவர்தான்.

அவரிடம் கேட்க வேண்டியவை சில: எந்தச் சிகிச்சைக் குறியீட்டுக்கு அனுமதி கேட்டீர்கள், எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், எந்த விதிமுறையை வைத்துப் பார்ப்பார்கள், என்னென்ன குறிப்புகள் இணைத்தீர்கள். என் கதையைப் போல, ‘முதலில் எளிய சிகிச்சை செய்து பார்த்தாயா’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போகிற விண்ணப்பங்கள் ஏராளம். வேறு ஊரில், ஏன், சென்னையில் பார்த்த சிகிச்சையாக இருந்தாலும் அந்தக் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுங்கள். இங்குள்ள டாக்டருக்கு அது தானாகத் தெரியாது.

விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து மூன்றாவது நாளுக்குள் பிளான் பதில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு 24 மணி நேரம். அவசர சிகிச்சை முடிந்து நிலை சீரான பிறகு தரும் தொடர் சிகிச்சைக்கு ஒரு மணி நேரம்தான். அவசர சிகிச்சைக்கே முன் அனுமதி கிடையாது. நெஞ்சுவலி என்றால் போனில் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். செல்ஃப்-ஃபண்டட் பிளானுக்கு எரிசா விதிப்படி சாதாரண விண்ணப்பத்துக்கு 15 நாள், அவசரமானதற்கு 72 மணி நேரம். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்!

மூன்றாம் படி: டாக்டரோடு டாக்டர் பேசட்டும்

டெக்சாஸ் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பாதிப் பேருக்குத் தெரியாததும் இதுதான்.

கேட்ட சிகிச்சை தேவைதானா என்று பிளான் சார்பில் பார்க்கும் வேலைக்கு ‘யூட்டிலைசேஷன் ரிவ்யூ’ என்று பெயர். முதல் சல்லடை பெரும்பாலும் நர்ஸ் கையில் இருக்கும். விதிக்குப் பொருந்தினால் அங்கேயே அனுமதி வந்துவிடும். பொருந்தாவிட்டால் மறுக்கும் முடிவை டாக்டர் எடுக்க வேண்டும். இந்த வேலை முழுவதும் டெக்சாஸில் மருத்துவம் பார்க்க உரிமம் பெற்ற டாக்டரின் வழிகாட்டலில் நடக்க வேண்டும் என்கிறது காப்பீட்டுச் சட்டத்தின் 4201-ஆம் அத்தியாயம். வேறு மாநில உரிமம் போதாது. காரணம் எளிது: டெக்சாஸ் உரிமம் இருந்தால்தான் டெக்சாஸ் மருத்துவ வாரியத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டியவர் ஆவார்.

அடுத்தது, மறுப்புக் கடிதம் போடுவதற்கு முன்பே, சிகிச்சை எழுதிய டாக்டருக்குப் பேச நியாயமான வாய்ப்புத் தர வேண்டும். கிளினிக்குகளில் இதை ‘பியர்-டு-பியர்’ என்பார்கள். எதிர்முனையில் பேசுபவர் டெக்சாஸ் உரிமம் உள்ளவராகவும், அதே துறை அல்லது அதை ஒத்த துறையைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும். முதுகெலும்பு அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச குழந்தை மருத்துவரை உட்கார வைக்க முடியாது. சிகிச்சைக்கு முந்தைய மறுப்பு என்றால் குறைந்தது ஒரு வேலை நாள் முன்னதாக இந்த வாய்ப்பைக் கொடுக்க வேண்டும்.

ஒரு வேலை நாள்! டாக்டர் அன்று அறுவை சிகிச்சை அறையில் இருந்தால் வாய்ப்பு பறந்துவிடும். அதனால் விண்ணப்பம் போன நாளே கோஆர்டினேட்டரிடம் சொல்லி வையுங்கள்: “பியர்-டு-பியர் அழைப்பு வந்தால் டாக்டர் எப்போது பேச முடியும் என்று நேரம் குறித்துக் கொடுத்துவிடுங்கள்.” நோயாளி அந்த அழைப்பில் கலந்துகொள்ள முடியாது. ஆனால் அழைப்பு நடக்கும்படி பார்த்துக்கொள்ள முடியும். பத்து நிமிடப் பேச்சில் தீர்கிற விஷயத்தை முப்பது நாள் முறையீடாக இழுப்பதில் யாருக்கும் லாபமில்லை.

இன்னொன்று. 2025 செப்டம்பரிலிருந்து, தானியங்கி முடிவெடுக்கும் மென்பொருளை வைத்து முழுவதுமாகவோ ஓரளவுக்கோ மறுப்பு முடிவு எடுக்க, யூட்டிலைசேஷன் ரிவ்யூ செய்யும் நிறுவனங்களுக்கு டெக்சாஸ் தடை போட்டிருக்கிறது. அதே ஆண்டு ஜனவரியிலிருந்து கலிபோர்னியாவிலும் மருத்துவ அவசியம் இல்லை என்ற மறுப்பை உரிமம் பெற்ற மருத்துவரோ தகுதியுள்ள மருத்துவப் பணியாளரோதான் எடுக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு எடுக்கக் கூடாது. மறுப்பு சில நொடிகளில் வந்தால் யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

நான்காம் படி: கடிதத்தைப் படிக்கும் முறை

மறுப்புக் கடிதம் வந்ததும் கிழித்துப் போடத் தோன்றும். வேண்டாம். மாநிலப் பிளான் (மாநிலக் கட்டுப்பாட்டில் உள்ள பிளான்) என்றால் அதில் முக்கியக் காரணம், மருத்துவ அடிப்படை, எந்த விதிமுறையைப் பயன்படுத்தினார்கள் என்ற விவரம், முடிவெடுத்த டாக்டரின் துறை, முறையீடு செய்யும் வழி எல்லாம் இருக்க வேண்டும். ‘மருத்துவ அவசியம் இல்லை’ என்ற ஒற்றை வரி காரணமாகாது.

முதலில் எந்த வகை மறுப்பு என்று பாருங்கள். மருத்துவ அவசியம் இல்லை, பரிசோதனை நிலையில் உள்ள சிகிச்சை என்றெல்லாம் சொன்னால் அது மருத்துவ மறுப்பு. கீழே சொல்லும் வழி அதற்குத்தான். ‘இந்தச் சிகிச்சை பிளானிலேயே இல்லை’ என்றால் அது ஒப்பந்தத் தகராறு, டாக்டர்கள் பேசிப் பயனில்லை. ‘போதிய தகவல் இல்லை’ என்றால் மகிழ்ச்சியடையுங்கள். விடுபட்ட காகிதத்தை அனுப்பினால் போதும்.

செல்ஃப்-ஃபண்டட் பிளானில் இருப்பவர்களுக்கு எரிசா ஒரு நல்ல உரிமை தந்திருக்கிறது: உங்கள் மறுப்பு தொடர்பான எல்லா ஆவணங்களின் நகலையும் இலவசமாகக் கேட்கலாம். பயன்படுத்திய விதிமுறை, ஆலோசனை சொன்ன மருத்துவ நிபுணர் யார் என்பது உட்பட. எழுத்தில் கேளுங்கள். ஃபைலைக் கேட்டதும் சில மறுப்புகள் தாமே மறுபரிசீலனைக்குப் போவதை இரண்டு நண்பர்கள் விஷயத்தில் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: அப்பீல்

மறுப்பை எதிர்த்துக் கேட்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். முதியோருக்கான மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் 2023-இல் சுமார் 32 லட்சம் விண்ணப்பங்கள் முழுவதுமாகவோ ஓரளவோ மறுக்கப்பட்டன. முறையீட்டுக்குப் போனது அவற்றில் 11.7 சதவீதம். போனவற்றில் 81.7 சதவீதத்தில் முடிவு மாறியது. அது வேறு திட்டம், வேறு சட்டம், சரி. ஆனாலும் கேட்டுப் பார்ப்பது வீண் இல்லை என்று காட்ட இது போதும்.

செல்ஃப்-ஃபண்டட் (எரிசா) பிளானில் முறையீடு செய்ய 180 நாள் இருக்கிறது. மாநிலப் பிளானில் கடிதத்திலேயே கெடு எழுதியிருக்கும். டெக்சாஸ் விதிப்படி முறையீடு கிடைத்த ஐந்து வேலை நாளுக்குள் ஒப்புதல் கடிதம் அனுப்ப வேண்டும்; 30 நாளுக்குள் முடிவு. முதலில் மறுத்தவரே மறுபடி முடிவெடுக்கக் கூடாது. அவசரமான விஷயம் என்றால் தேவையான தகவல் கிடைத்த ஒரு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். அவசரம் என்று டாக்டர்தான் எழுத வேண்டும்; நாம் சிவப்பு மையில் எழுதினால் செல்லாது.

முறையீட்டுக் கடிதத்தில் கண்ணீர்க் கதை வேண்டாம். அவர்கள் சொன்ன விதிமுறையை வரி வரியாக எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் உங்கள் மருத்துவக் குறிப்பில் எங்கே பதில் இருக்கிறது என்று பக்க எண்ணோடு காட்டுங்கள். டாக்டரின் கடிதம் ஒன்று, அரைப் பக்கமானாலும் போதும். மாநிலப் பிளானில் அப்பீலும் தோற்றால், பத்து வேலை நாளுக்குள் அந்தத் துறை நிபுணர் பார்க்க வேண்டும் என்று டாக்டர் கேட்கலாம். 15 வேலை நாளில் அது முடியும்.

மருந்து விஷயத்தில் தனிக் குறுக்குவழி உண்டு. ‘முதலில் இந்த விலை குறைந்த மருந்தைச் சாப்பிடு, சரியாகாவிட்டால் பார்க்கலாம்’ என்பதை ஸ்டெப் தெரபி என்பார்கள். மேலே சொன்ன வயாக்ஸ் கதையும் கிட்டத்தட்ட இதுவே. 2017-இல் வந்த டெக்சாஸ் சட்டப்படி டாக்டர் எழுத்தில் விலக்குக் கேட்டு, 72 மணி நேரத்துக்குள் பிளான் மறுக்காவிட்டால் அது அனுமதி கிடைத்ததாகவே கணக்கு. உயிருக்கோ உடலுக்கோ பெரும் கேடு வரும் நிலை என்றால் 24 மணி நேரம்.

ஆறாம் படி: வெளியாள் தீர்ப்பு

பிளானுக்குள் எல்லாம் முடிந்ததும் வெளியே போகலாம். டெக்சாஸில் இதற்கு ஐ.ஆர்.ஓ. என்று பெயர்: சுதந்திரமான மறுஆய்வு அமைப்பு. 1997 சட்டத்தில் பிழைத்து நிற்கும் நல்ல பகுதி இது. இதுபோன்ற இல்லினாய் மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2002-இல் 5-க்கு 4 என்ற கணக்கில்தான் காப்பாற்றியது.

எல்.எச்.எல்.009 என்ற படிவத்தை நிரப்பி, மறுத்த நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டும். மறுப்புக் கடிதத்தோடு இந்தப் படிவமும் வந்திருக்க வேண்டும். செலவு முழுவதும் அவர்களுடையது. வழக்கமாக 20 நாளில் முடிவு வரும், உயிருக்கு ஆபத்து என்றால் 3 நாளில். முடிவு உங்களுக்குச் சாதகமாக வந்தால் பிளான் கட்டுப்பட்டே ஆக வேண்டும். உயிருக்கு ஆபத்தான நோய் என்றாலும், ஏற்கெனவே பிளான் பணம் கொடுத்துவரும் மருந்துச்சீட்டு மருந்தையோ நரம்பில் ஏற்றும் மருந்தையோ மறுத்தாலும், உள் முறையீட்டைத் தாண்டி நேரே இங்கே வரலாம்.

செல்ஃப்-ஃபண்டட் பிளானிலும் வெளி மறுஆய்வு உண்டு, ஒன்றிய அரசு விதியின் கீழ். இறுதி மறுப்புக்குப் பின் நான்கு மாதத்துக்குள் கேட்க வேண்டும். 45 நாளில் முடிவு, அவசரத்துக்கு 72 மணி நேரம். அதோடு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது, அதுதான் எச்.ஆர். பணம் கம்பெனியுடையது என்பதால் பெனிஃபிட்ஸ் பிரிவு நிர்வாக நிறுவனத்திடம் மறுபடி பாருங்கள் என்று சொல்ல முடியும். நோய் விவரம் அலுவலகத்துக்குத் தெரிவதில் சங்கடம் இருந்தால் இந்தக் கதவைத் தட்டாதீர்கள். அது அவரவர் விருப்பம்.

நாள் கணக்கை மீறினாலோ, பியர்-டு-பியர் வாய்ப்பே தராவிட்டாலோ மாநிலக் காப்பீட்டுத் துறையில் புகார் செய்யலாம்: 800-252-3439. எரிசா பிளானுக்கு ஒன்றியத் தொழிலாளர் துறையின் எப்சா பிரிவு: 866-444-3272.

இடையில் ஒரு வார்த்தை: கோல்ட் கார்டு

டாக்டர் அலுவலகத்தில் ‘கோல்ட் கார்டு’ என்று காதில் விழுந்தால் கிரெடிட் கார்டு என்று நினைக்காதீர்கள். 2021-இல், நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரான சட்டமன்ற உறுப்பினர் கிரெக் பானென் கொண்டுவந்த சட்டம். ஒரு குறிப்பிட்ட சிகிச்சைக்கு ஒரு டாக்டர் கேட்ட அனுமதிகளில் 90 சதவீதம் ஏற்கப்பட்டிருந்தால், அந்தச் சிகிச்சைக்கு அவர் இனி அந்தப் பிளானிடம் அனுமதியே கேட்க வேண்டாம். எண்ணம் அருமை. ஆனால் மதிப்பீட்டுக் காலத்தில் குறைந்தது ஐந்து விண்ணப்பமாவது இருக்க வேண்டும், ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒவ்வொரு பிளானுக்கும் தனித்தனி. விளைவு, சுமார் 3 சதவீதம் பேருக்குத்தான் கிடைத்தது. 2025-இல் திருத்தி, ஆறு மாதக் கணக்கை ஒரு வருடமாக்கினார்கள். செல்ஃப்-ஃபண்டட் பிளானுக்கு இதுவும் கிடையாது. உங்கள் டாக்டருக்கு இருந்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், இதை நம்பி டாக்டரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அனுமதி வந்த பிறகு

அனுமதிக் கடிதத்தில் நான்கு விஷயம் சரிபாருங்கள்: அனுமதி எண், சிகிச்சைக் குறியீடு, எந்த இடத்தில் செய்வது, எத்தனாம் தேதி வரை செல்லும். எம்.ஆர்.ஐ. எடுக்க ஒரு சென்டருக்கு அனுமதி வாங்கிவிட்டு, வீட்டுக்குப் பக்கம் என்று இன்னொன்றில் போய் எடுத்தால் பில் உங்கள் தலையில். டெக்சாஸ் சட்டப்படி, ஒருமுறை அனுமதித்த சிகிச்சைக்கு, விண்ணப்பத்தில் முக்கியமான தவறான தகவல் இருந்தாலோ அந்தச் சிகிச்சையே செய்யப்படாவிட்டாலோ தவிர, மருத்துவ அவசியம் இல்லை என்று பின்னால் பணத்தை மறுக்க முடியாது. பிளானில் உங்கள் பெயர் அன்று இல்லாமல் போனால் அது வேறு கதை. வேலை மாறும் மாதத்தில் அறுவை சிகிச்சை வைத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாதாமாதம் ஏற்றும் மருந்து மாதிரித் தொடர் சிகிச்சை என்றால், மாநிலப் பிளானில் அனுமதி காலாவதியாவதற்கு 60 நாள் முன்பிருந்தே புதுப்பிக்கக் கேட்கலாம். நான் அந்தத் தேதியை குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன், பால் கணக்குக்குப் பக்கத்தில்.